தூத்துக்குடி உப்புக்காற்றில் ஒரு மாருதி 800: துருவோடு மல்லுக்கட்டும் வேலைகள்

வண்டி 1999 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வண்டி, நாலு கியர், வெள்ளை நிறம். அப்பா வாங்கியது. இந்த மாடலின் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டாலும், 796 சிசி எஞ்சினுக்கு வேண்டிய பிஸ்டன் ரிங், கேஸ்கட், கிளட்ச் பிளேட் எல்லாம் தூத்துக்குடியில் இன்றும் கிடைக்கின்றன. வேலை தெரிந்த கைகளும் இருக்கின்றன. எஞ்சினால் இந்த வண்டி எங்கள் வீட்டை விட்டுப் போகாது. போனால் துருவால்தான் போகும். அது நடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கீழே எழுதியிருக்கும் வேலைகள் எல்லாம்.

லாரி, ஜீப்புக்கு இருப்பதுபோல இந்த வண்டிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுள்ள தகரத்தை மடித்து, பெட்டி பெட்டியாக்கி, ஸ்பாட் வெல்டிங் வைத்து இணைத்திருக்கிறார்கள். மொத்த எடையே 650 கிலோ அளவில்தான். கதவுகளுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் ரன்னிங் போர்டும் அப்படி ஒரு பெட்டிதான். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் ஓரப்பட்டையாகத் தெரியும். ஆனால் அது இற்றுப்போனால் ஜாக்கி வைத்துத் தூக்கும்போதே தகரம் உள்ளே மடங்கிவிடும். கதவு சரியாகச் சாத்தாது. பக்கவாட்டில் யாராவது வந்து மோதினால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தடுப்பே இருக்காது. அதனால் துருவை அழகுப் பிரச்சினையாக நான் பார்ப்பதில்லை.

கடலோரத்தில் துரு ஏன் இவ்வளவு வேகம் எடுக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு கலந்தால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை இழுத்துத் தானாகவே கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது அதற்கும் வெகு கீழேயே ஈரத்தை இழுத்துவிடும். ஆடிக் காற்றில் உப்பளப் பக்கமிருந்து வந்து படியும் தூசி கதவு இடுக்கிலும் சக்கர வளைவிலும் உட்கார்ந்துகொண்டால், ஒரு சொட்டு மழை பெய்யாத மாதத்திலும் ராத்திரி ராத்திரி வண்டி நனைந்துகொண்டேதான் இருக்கும்.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலரும் யோசிப்பதில்லை. வாட்டர் சர்வீஸ் கடையில் அடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எங்கள் பக்கம் பெரும்பாலும் போர் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. எங்கள் தெரு போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் 3000ஐத் தாண்டுகிறது. அந்தத் தண்ணீரைப் பிரஷர் வைத்து அடிமட்டத்தில் அடித்தால், சேறு போகும், உப்பு இடுக்கெல்லாம் ஏறும். அதனால் நான் சேற்றைப் போர் தண்ணீரில் கழுவினாலும், கடைசி அலசலுக்கு மழைநீர்த் தொட்டித் தண்ணீரைத்தான் எடுக்கிறேன். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எங்கள் வீட்டில் கட்டிய தொட்டி அது. இரண்டு குடம் நல்ல தண்ணீர், கையால் அடிக்கும் தோட்டத்து ஸ்பிரேயர் ஒன்று, அவ்வளவு போதும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளுக்குள் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. எங்கள் தெருவில் வண்டியின் தரைக்கு மேல் தண்ணீர் நின்றது. எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக், டைனமோ வேலைகளை எல்லாரையும்போல உடனே முடித்தோம், வண்டி ஓடியது. உடம்பைத் திறந்து பார்த்தது தை பிறந்த பிறகுதான், நல்ல டிங்கர் கை கிடைக்க அவ்வளவு நாளாயிற்று.

முன் சீட் இரண்டையும் கழற்றி, கதவடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையை நெம்பி, கார்பெட்டைத் தூக்கினோம். கார்பெட் மேலே காய்ந்து மொரமொரப்பாக இருந்தது. அடியில் இருந்த ஃபெல்ட்டைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. வெள்ளத்தில் மாட்டாத வண்டிக்கும் இது பொருந்தும்: ஏ.சி. வடிகுழாய் அடைத்திருந்தாலோ, முன் கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்திருந்தாலோ, ஃபெல்ட் உள்ளுக்குள்ளேயே நனைந்துகொண்டிருக்கும், மேலே தொட்டால் தெரியாது. டிங்கர் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகரம் கணீரென்று சொல்லும். இற்ற தகரம் பொத்தென்று கேட்கும்.

"தம்பி, கண்ணு பாத்துச் சொல்லுதத விட காது சரியாச் சொல்லும். பொத்துனு கேட்ட எடத்துல குத்திப் பாருங்க."

குத்தினேன். டிரைவர் கால் வைக்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் நேராக ரோட்டுக்கு இறங்கியது. அடியில் பல வருடங்களுக்கு முன் அடித்திருந்த கருப்பு அண்டர்கோட்டிங், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லாத மாதிரி இருந்தது. நெம்பியதும் அப்பளம்போலத் தனியே வந்தது, உள்பக்கம் முழுக்கத் துருப்பொடி. எங்கோ ஒரு கல் தெறித்து மயிரிழை அளவு வெடித்திருக்கும். அந்த வழியே போன ஈரம் வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே தங்கி வேலை பார்த்திருக்கிறது.

அன்றைக்கு என் மனதில் ஆழமாகப் பதிந்தது கதவுகளைப் பார்த்தபோதுதான். கதவுக் கண்ணாடி ஓரத்து ரப்பர் புதிதாக இருந்தாலும் மழைத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். அதற்காகவே கதவின் அடி மடிப்பில் சின்னச் சின்ன வடிதுளைகள் விட்டிருக்கிறார்கள். இடது பக்கக் கதவில் துளைகள் திறந்திருந்தன, அடி மடிப்பு இன்னும் கெட்டியாக இருந்தது. வலது பக்கக் கதவில் அந்தத் துளைகளைப் பழைய பெயின்ட்டும் மண்ணும் அடைத்திருந்தன, மடிப்பு விரலோடு உதிர்ந்தது. அதே வண்டி, அதே வயது, அதே உப்புக்காற்று, அதே பெயின்ட். இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரு பல்குத்தும் குச்சி அளவுத் துளைதான். அன்றிலிருந்து அடியில் என்ன பூசுவது என்பதை இரண்டாவதாகத்தான் யோசிக்கிறேன். தண்ணீர் எங்கே போய் நிற்கிறது, எந்த வழியாக வெளியே வருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

ரன்னிங் போர்டிலும் கதை அதேதான். வலது பக்கத்தின் பின் முனையை அண்ணாச்சி வெட்டித் திறந்தபோது உள்ளே களிமண்போல் சேறு இறுகிக் கிடந்தது. வடிதுளை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் பொருள். ஒட்டியிருக்கும் இரண்டு தகரங்களுக்கு நடுவே வளர்ந்தால் ஸ்பாட் வெல்டிங்கையே நெம்பித் திறந்துவிடும். அங்கே மடிப்பு அப்படித்தான் வாய் பிளந்திருந்தது.

வெல்டிங் பற்றிச் சுருக்கமாக. பேட்டரி வயரைக் கழற்றி, சீட்டு, ஃபெல்ட், வயரிங் எல்லாம் விலக்கி, பக்கத்தில் தீயணைப்பானும் ஈரச் சாக்கும் வைத்த பிறகுதான் தொட வேண்டும். பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் தரைக்கு அடியில்தான் ஓடுகின்றன. கேஸ் வெல்டிங் சூடு இந்தச் சன்னத் தகரத்தை நெளித்துவிடும், சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு நல்ல பெயின்ட்டையும் எரித்துவிடும். கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டு வைக்கும் சி.ஓ.டூ வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, ஆறவிட்டு ஆறவிட்டு வைக்கச் சொன்னேன். ஒட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (சூடாக்காமல் உருட்டிய இரும்புத் தகடு). இற்ற தகரத்தின் மேலேயே ஒட்டு வைத்து மூடுவது பல இடங்களில் நடக்கிறது. அண்ணாச்சி அதைச் செய்ய மாட்டார். கெட்டித் தகரம் வரும்வரை வெட்டிக்கொண்டே போனார்; துளை பெரிதாகப் பெரிதாக எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஆனால் அதுதான் சரி.

ஓட்டை விழாமல் மேலோட்டமாகத் துரு பிடித்த இடங்கள்தான் வீட்டில் நாமே பார்க்கக்கூடியவை. அங்கே அவசரமே கூடாது. முதலில் கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம், கம்பி பிரஷ்ஷின் ஒரு முள் தெறித்துக் கண்ணில் பட்டால் போதும். பளபளவென்று வந்துவிட்டது என்று நினைத்தாலும், தகரத்தில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும், அதற்குள் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். காலையில் குழியெல்லாம் மறுபடி செம்புள்ளி வைத்திருந்தால் உப்பு இன்னும் போகவில்லை என்று பொருள். திரும்ப அலச வேண்டும். புள்ளி வராத காலைதான் அடுத்த வேலைக்கு நாள்.

பிறகு ரஸ்ட் கன்வெர்ட்டர். கடையில் கிடைப்பவற்றில் ஒரு வகை பாஸ்பாரிக் ஆசிட். அது மிச்சத் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். இன்னொரு வகை டேனிக் ஆசிட். தடவியதும் துரு கருநீலமாகிவிடும். நம் ஊரில் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான் இது: கடுக்காய்த் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுத்துக் கெட்டிப்படுகிறது. மையாகப் பயன்பட்ட ஒரு சங்கதி கார்த் தகரத்தைக் காக்க வந்து நிற்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எந்தக் கன்வெர்ட்டரும் செதில் செதிலாக உதிரும் துருவின் அடிவரை இறங்காது. சுரண்டாமல் மேலே தடவிப் பயனில்லை. கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றித் துருவை எடுக்கச் சொல்பவர்கள் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், மடிப்புக்குள் இறங்கினால் வெளியே எடுக்கவே முடியாது, உப்பு எதை விதைக்கிறதோ அதே குளோரைடைத்தான் அதுவும் விதைக்கும். வேண்டவே வேண்டாம்.

பிரைமரில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்தால் ஆயிற்று என்ற நம்பிக்கை வீட்டு கேட்டிலிருந்து வந்தது. அந்தப் படலம் ஈரத்தை உள்ளே விடும். மேலே நல்ல பெயின்ட் இல்லாமல் அதை மட்டும் நம்பக் கூடாது. காரின் அடிப்பக்கத்துக்கு இரண்டு பாகம் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர்தான் என் தேர்வு. கலந்த பிறகு சில மணி நேரத்தில் கெட்டிப்பட்டுவிடும், ஆகவே அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவு மட்டும் கலக்க வேண்டும். பள்ளத்தை நிரப்பப் பட்டி வைப்பதாக இருந்தால் எபாக்சிக்கு மேலே வையுங்கள். வெறும் தகரத்தின் மேல் வைத்த பட்டி ஈரத்தை உறிஞ்சித் தன் அடியிலேயே துருவை வளர்க்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போனால், எங்கே தகரம், எங்கே வெறும் பட்டி என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மடிப்புகளை அடைக்க ஹார்டுவேர் கடை சிலிகான் ட்யூபை எடுத்துவிடாதீர்கள். வினிகர் வாசம் அடிக்கிற வகை, காயும்போது அசெட்டிக் ஆசிட் விடும். வெறும் இரும்பில் பட்டால் அரிக்கும். காருக்கென்று விற்கும் பாலியூரித்தேன் சீலன்ட்தான் சரி. எல்லா மடிப்பையும் அடைத்தேன், வடிதுளையைத் தவிர. பெயின்ட்டர் பையன் ஆர்வத்தில் ரன்னிங் போர்டு அடித்துளைகளுக்கும் சீலன்ட் வைக்கப் போனான். அண்ணாச்சி ஒரு சத்தம் போட்டார்: "ஏல, அது அடைக்குததுக்கு இல்ல, தண்ணி போவதுக்கு!"

கடைசியாக, வெளியே தெரியாத பெட்டிகளுக்குள் மெழுகு. கேவிட்டி வாக்ஸ் என்று கேட்டால் ஸ்பிரே டப்பாவாகக் கிடைக்கிறது. நீளக் குழாயின் நுனியிலிருந்து சுற்றிலும் தெளிக்கும். ரன்னிங் போர்டுக்குள், கதவுக்குள், டிக்கி கதவின் அடி மடிப்புக்குள், பானட்டின் முன் மடிப்புக்குள் என்று ஏற்கெனவே இருக்கும் ரப்பர் மூடித் துளைகள் வழியாகக் குழாயை முழு நீளத்துக்கும் விட்டு, மெதுவாகப் பின்னே இழுத்துக்கொண்டே அடிக்க வேண்டும். புதிதாகத் துளை போட வேண்டாம். போட்டால் விளிம்பில் எபாக்சி தொட்டு வைக்க வேண்டும். கதவில் அடிக்கும்போது கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, ஸ்பீக்கரையும் கண்ணாடி ஓடும் ரப்பரையும் மறைத்துக்கொள்ளுங்கள். வண்டி வெயிலில் நின்று தகரம் சூடாக இருக்கும் நேரத்தில் அடித்தால் மெழுகு இளகி மடிப்புக்குள் தானே ஊர்ந்து போகும். தூத்துக்குடி சித்திரை வெயிலுக்கு இப்படி ஒரு உபயோகம். வடிதுளையில் மெழுகு சொட்டினால் உள்ளே எல்லா இடமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. சொட்டி ஓய்ந்ததும் மறுபடி குச்சி விட்டுத் துளையைத் திறந்துவிட வேண்டும்.

கழிவு ஆயிலும் டீசலும் கலந்து அடியில் அடிக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. துருவைத் தள்ளிப்போடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எரிந்த ஆயிலில் அமிலம் இருக்கிறது, உடம்புக்குக் கெடுதலான பொருள்கள் இருக்கின்றன. சஸ்பென்ஷன் புஷ் ரப்பர் ஊதிப்போகும், மழை பெய்தால் தெருவெல்லாம் எண்ணெய் ஓடும். டபிள்யூ.டி.-40 பற்றியும் கேட்கிறார்கள். 1953இல் அமெரிக்காவில் சான் டியாகோவில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கிய திரவம் அது, அட்லஸ் ராக்கெட்டின் வெளித்தகட்டைத் துருவிலிருந்து காக்கப் பயன்பட்டது. இறுகிய போல்ட்டை இளக்க, நனைந்த இடத்தில் தண்ணீரைத் தள்ள அருமையான பொருள். மாதக்கணக்கில் நிற்கும் பூச்சு அது அல்ல. அடிமட்டத்துக்கு நான் இப்போது அடியில் இருக்கும் தகரம் தெரியக்கூடிய மெழுகு வகையைத்தான் அடிக்கிறேன். கருப்புத் தார்ப் பூச்சின் அடியில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. மெழுகுக்கு அடியில் செம்புள்ளி வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். பிரேக் டிஸ்க், டிரம், சைலன்சர் மூன்றையும் மூடிவிட்டு அடிக்க வேண்டும்.

இவ்வளவும் ஒருமுறை செய்கிற வேலை. வண்டியைக் காப்பாற்றுவது அதற்குப் பிறகு வருடா வருடம் செய்வதுதான். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்கும். ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். அந்த வாரத்தையே நாள் குறித்து வைத்திருக்கிறேன். வைப்பருக்குக் கீழே இருக்கும் வலைத்தட்டைக் கழற்றினால் வேப்பஞ்சருகு ஒரு கை கிடைக்கும். அது மக்கி ஈரத்தைப் பிடித்து ஃபெண்டருக்குப் பின்னால் இறங்கும் வடிகாலை அடைக்கும் இடம் அது. பிறகு கதவு, ரன்னிங் போர்டு, டிக்கி துளைகளுக்கு மெல்லிய பிளாஸ்டிக் டை ஒன்றை விட்டு எடுப்பது. தகரத்தைக் கீறும் கம்பி வேண்டாம். முன் சக்கர வளைவில் ஃபெண்டரின் பின் மூலையில் கைவிட்டுச் சேற்றைத் தோண்டி எடுப்பது. பேட்டரித் தட்டில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் சமையல் சோடாக் கரைசல் ஊற்றி நுரை அடங்கும்வரை கழுவி, காயவைத்துப் பெயின்ட் தொடுவது. மெழுகு காய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி ஒரு பூச்சு.

மழை முடிந்து தை வெயில் வந்ததும் கார்பெட்டைத் தூக்கிப் பார்ப்பது. ஃபெல்ட்டை நான் திரும்பப் போடவில்லை. தண்ணீர் குடிக்காத மூடிய துளை ஃபோம் ஷீட் போட்டிருக்கிறேன். ஆடிக் காற்று ஓய்ந்ததும் அடிமட்டத்துக்கு நல்ல தண்ணீர் அலசல் ஒன்று. இடையில் கல் தெறித்துப் பெயின்ட் போனால் அந்த வாரமே தின்னரால் துடைத்து, சின்னத் தூரிகையில் பிரைமரும் டச்சப்பும்.

நிறுத்தும் இடமும் முக்கியம். ஈரத்தோடு வண்டியைப் பூட்டிய ஷெட்டுக்குள் விடுவதைவிட, காற்றோட்டமான கூரையின் கீழே விடுவது எவ்வளவோ மேல். ரெக்சின் கவர் ராத்திரி ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். பஞ்சுத் துணிக் கவர் போதும், அதையும் வண்டி காய்ந்த பிறகு போட வேண்டும்.

பழைய வண்டிக்காரர்களுக்கு எஃப்.சி. (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) என்று வரும்போதுதான் அடிமட்டம் ஞாபகம் வருகிறது. 2022 ஏப்ரலில் 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ஆனது. அந்தப் பணத்தைக் கட்டி வைத்திருக்கப் போகிற வண்டி என்றால், வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு டப்பா மெழுகும் பெரிதல்ல. பிரேக் ஆயிலையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, பைப்பையும் வீல் சிலிண்டரையும் உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

இந்த வருடத்துக்கு இன்னும் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. பெட்ரோல் டேங்கை இறக்கி அதன் மேல்பக்கத்தைப் பார்க்க வேண்டும். டேங்குக்கும் வண்டியின் தரைத் தகரத்துக்கும் நடுவே சேறு தங்கினால் மாட்டியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அப்படியே பின் ஆக்சிலுக்குப் போகும் பிரேக் பைப்பையும் மாற்றப் போகிறேன், மேல்தோல் சொரசொரத்துவிட்டது. அதன் நட்டுகளுக்கு இப்போதிருந்தே தினமும் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு வருகிறேன். சாதாரண ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கும், அதனால் பிரேக் பைப்புக்கென்று இருக்கும் ஸ்பேனரை அண்ணாச்சியிடம் கேட்டு வைத்திருக்கிறேன். புரட்டாசிக்குள் முடிந்துவிடும்.